கொடியும் உறுதியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நடைபெற்ற ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவனாக நானும் அமர்ந்திருந்தேன். 'என் தாய்நாடு' என்பது தலைப்பு. வந்த மாணவர் யாவரும் மலைவளம் கூறினர், கடல்வளம் கூறினர், பண்டைப் பெருமைகளை வரிசைப்படுத்தினர், குரலை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி, கரத்தை நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டினர். மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தி மட்டும் வேறுவிதமாகப் பேசினாள். இந்த மண்ணிலே பிறந்த தன் பாட்டியை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவளாக்கியது என்றாள். எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் வந்தபோது பாட்டி உயிரோடு இருக்கவில்லை என்றாள். "பாட்டி கொய்த கொழுந்து இந்த நாட்டின் பெயரைத் தாங்கிக் கப்பலேறியது, பாட்டிக்கு மட்டும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. ஆயினும் இது என் தாய்நாடு. ஆகையினாலேதான் கேட்கிறேன்" என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

மண்டபத்தில் சிறிது நேரம் அமைதி நிலவியது. நடுவர்களாகிய நாம் தலைகளை ஒன்றுசேர்த்துக் கலந்துரையாடினோம். "பேச்சு நன்று, ஆனால் தலைப்பை விட்டு விலகிவிட்டாள்" என்றார் ஒருவர். மற்றவர் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன், புள்ளித்தாளில் கையொப்பமும் இட்டேன். அந்த மாணவிக்கு மூன்றாம் பரிசுகூடக் கிடைக்கவில்லை.

உண்மையில் அவள் தலைப்பை விட்டு விலகினாளா? அன்று வீடு திரும்பும்போது எழுந்த இந்த ஐயம் பின்னரும் என்னை விடவில்லை. நாட்டுப்பற்று என்பது நாட்டைப் புகழ்வது மாத்திரமா? நாட்டிடம் ஒன்றைக் கேட்பதும் அதனுள் அடங்குமா? இந்த வினாவுக்குரிய விடையை நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்திற் கண்டேன். அமெரிக்க நாட்டின் சகோதர சங்கங்களின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, அங்கும் ஒரு பேச்சுப் போட்டி எதிர்ப்பட்டது. அதனையே இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சகோதர சங்கம் என்றால் என்ன என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் நோயாளிக்கும் முதியோருக்கும் கைம்பெண்ணுக்கும் அரசாங்கம் அளித்த உதவி மிக அற்பம். ஆகவே வணிகரும் தொழிலாளரும் கைவினைஞரும் தமக்குத் தாமே துணையாகச் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். அங்கத்தவன் ஒருவன் நோயுற்றால் மற்றவர்கள் உதவினர். இறந்தால் அடக்கஞ் செய்தனர். அவன் மனைவி மக்களைத் தாங்கினர். எமது ஊர்களின் மரண சகாய சங்கங்களை அறிந்தோருக்கு இதன் அடிப்படை புதிதன்று. ஆனால் அங்கே இதனோடு சத்தியப் பிரமாணமும் சடங்கும் சின்னமும் பட்டப் பெயர்களும் சேர்ந்தன. உள்ளே நுழைந்தவர் ஒருவரையொருவர் 'சகோதரர்' என்றே விளித்தனர்.

அத்தகைய சங்கங்களுள் புகழ்பெற்றது எல்க்ஸ் நலன்புரி பாதுகாப்புச் சங்கம். எல்க் என்பது பெருங்கொம்புடைய ஒரு மானினம். அதுவே சங்கத்தின் சின்னம். இதன் தோற்றம் மிக எளிமையானது. 1867ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து நியூயோர்க் நகருக்கு வந்த சார்ள்ஸ் விவியன் என்ற பாடகரும் அவருடைய நாடக நண்பர்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் மதுச்சாலைகளை மூடிய சட்டத்தினால் மனம் வாடி, தமக்குள் ஒரு கேளிக்கைக் கூட்டத்தை ஏற்படுத்திக்கொண்டனர். அக்கூட்டமே 1868 பெப்ரவரி 16ஆம் நாள் எல்க்ஸ் சங்கமாக உருப்பெற்றது. கேளிக்கைக்காகக் கூடியவர்கள் வெகுவிரைவில் வறிய கலைஞரின் குடும்பங்களைத் தாங்கும் அறப்பணியில் இறங்கினர். ஈகை, நீதி, சகோதர அன்பு, விசுவாசம் என்னும் நான்கும் அவர்களுடைய மூலக் கொள்கைகளாயின. இரவு பதினொரு மணிக்கு, உடனில்லாத சகோதரரையும் மறைந்த சகோதரரையும் நினைந்து கிண்ணம் உயர்த்தும் வழக்கம் இன்றும் அவர்களிடையே உண்டு.

நாட்டுப்பற்று இச்சங்கத்தின் மூச்சாக இருந்தது. அமெரிக்கக் குடிமகன் அல்லாதான் இதில் அங்கத்தவனாக முடியாது. கூட்ட மண்டபத்தின் பீடத்தில் வேதாகமத்தோடு தேசியக் கொடியும் இடம்பெறும். 1777 யூன் 14ஆம் நாள் அமெரிக்கக் கொங்கிரஸ் சபை நாட்டின் கொடியை ஏற்றுக்கொண்டது. அந்த நாளைக் கொடி நாளாகக் கொண்டாடுவதென எல்க்ஸ் பேரவை 1907இல் தீர்மானித்தது. 1911இல் ஒவ்வொரு கிளையும் அதனைக் கட்டாயமாகக் கொண்டாட வேண்டுமென விதித்தது. அதே நாளைக் கொடி நாளாக்கும் சட்டத்தில் 1949இல் ஒப்பமிட்ட ஜனாதிபதி ஹரி ட்ரூமன் தாமும் ஓர் எல்க்ஸ் அங்கத்தவரே. முதலாம் உலகப் போரில் உயிர் நீத்த சகோதரர்களுக்காகச் சிக்காக்கோ நகரில் எழுப்பிய நினைவாலயத்தை 1926இல் திறந்துவைத்தனர். போரிலிருந்து மீண்ட வீரர்களைப் பேணும் பணியை அவர்கள் இன்றுவரை கைவிடவில்லை.

இவையெல்லாம் போலியான செயல்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவமனைக் கட்டிலின் அருகே வந்து அமரும் ஒரு சகோதரனின் அன்பு போலியாகாது. கொடியைக் கண்டு கண் கலங்குபவனின் உள்ளத்தையும் ஐயுறுதல் தகாது. ஆனால் அச்சங்கத்தின் விதிகளிடையே ஒரு சிறு சொல் இருந்தது. அங்கத்தவராகத் தக்கவர் 'வெள்ளையரான' ஆண் குடிமக்கள் என்பதே விதி. அந்த ஒற்றைச் சொல் 1973ஆம் ஆண்டு வரை அங்கே நின்றது. 1968இல் நூற்றாண்டு விழாக் கண்ட சங்கம், அந்த நூறு ஆண்டும் நீதியையும் சகோதர அன்பையும் பேசிக்கொண்டே, கறுப்பின மனிதன் ஒருவனையும் வாயிற்படி தாண்ட விடாது நின்றது. எல்க்ஸ் சங்கம் பிறந்த அதே 1868இல், யூலை மாதத்தில், அமெரிக்க அரசியல் யாப்பின் பதினான்காம் திருத்தம் நிறைவேறியது. அந்நாட்டிற் பிறந்தவர் யாவரும் குடிமக்களே என்று உறுதி செய்த திருத்தம் அது. நாட்டின் யாப்பு விரித்த வாசலை, நாட்டுப்பற்றைப் பேசிய சங்கத்தின் யாப்பு சாத்தியே வைத்திருந்தது.

வெளியே நின்றவர்கள் என்ன செய்தனர்? 1898ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் ஆர்தர் றிக்ஸ், பி. எவ். ஹவார்ட் என்னும் கறுப்பின நண்பர் இருவர் தமக்கென ஓர் எல்க்ஸ் சங்கத்தைத் தொடங்கினர். றிக்ஸ், புல்மன் ரயில் வண்டிகளில் பிரயாணிகளுக்குப் பணிசெய்து வாழ்ந்தவர். வெள்ளையர் சங்கத்தின் சடங்கு நூற்பிரதி ஒன்று அவர் கைக்கு எட்டியது. அந்நூலுக்கு எவரும் பதிப்புரிமை பெற்றிருக்கவில்லை என்பதை விசாரித்தறிந்த அவர், அவ்வுரிமையைத் தம் பெயரிலே பதிந்துகொண்டார். புதிய சங்கத்துக்கு அவர்கள் இட்ட பெயர், 'உலக எல்க்ஸின் மேம்படுத்தப்பட்ட நலன்புரி பாதுகாப்புச் சங்கம்' என்பதாகும். 'மேம்படுத்தப்பட்ட' என்ற அந்த அடைமொழியைப் படித்தபோது நான் புன்னகை செய்தேன். கதவை மூடியவனிடம் சண்டையிடாமல், அவன் வீட்டுப் பெயரையே தம் வீட்டுக்கும் இட்டு, 'எம்முடையது சற்றுத் திருந்திய வீடு' என்று சொல்லும் மிடுக்கு அதில் இருக்கிறது.

வெள்ளையர் சங்கம் இதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பெயரும் சின்னமும் தமக்கே உரியன என வழக்குத் தொடுத்தது. 1912இல் நியூயோர்க் மாநிலத்தின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் கறுப்பினச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சகோதரனாக ஏற்கவும் மாட்டோம், சகோதரன் என்ற பெயரை நீயாகச் சூட்டிக்கொள்ளவும் விடமாட்டோம் என்ற நிலை அது. ஆயினும் சங்கம் அழியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அது கறுப்பின மக்களின் மிகப் பெரிய அமைப்புக்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1922 முதல் 1952 வரை ஜே. பின்லி வில்சன் என்பவர் அதன் தலைவராக விளங்கினார். மகளிருக்கென ஒரு கிளையமைப்பும் தோன்றியது. இசைக்குழு முன்செல்ல, கழுத்துப் பட்டையும் அணிதொப்பியுமாக அவர்கள் வீதியில் ஊர்வலம் வரும் நாள் கறுப்பின மக்கள் வாழும் நகர்ப்பகுதிகளுக்குத் திருநாளாயிற்று.

இங்கேதான் எமது பொருளுக்கு உயிரான செய்தி வருகிறது. நாட்டின் பெருமை பேசும் ஒரு சங்கத்தினால் ஒதுக்கப்பட்ட இம்மக்கள், நாட்டையே வெறுத்திருக்கலாம். வெறுத்திருந்தால் எவரும் அவர்களைக் குறைகூற இயலாது. தென்மாநிலங்களில் அவர்களுக்கு வாக்குரிமை பெயரளவிலேயே இருந்தது. தேர்தல் வரியும் எழுத்தறிவுச் சோதனையும் அதனைப் பறித்துக்கொண்டன. மரத்திலே கட்டித் தூக்கும் கொலைவெறிக் கூட்டங்கள் தண்டனையின்றித் திரிந்தன. ஆனால் இச்சங்கத்தினர் 1920களில் கல்விக்கென ஒரு பிரிவையும், குடிமக்களின் உரிமைகளைக் காக்கவென ஒரு பிரிவையும் ஏற்படுத்தினர். கல்விப் பிரிவு, உயர்நிலைப் பாடசாலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி நடத்திப் புலமைப் பரிசில் வழங்கியது. அப்போட்டிக்குத் தெரிந்தெடுத்த பொருள் எது? அமெரிக்க அரசியல் யாப்பு!

வாசகர்கள் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். 1787இல் எழுதிய அந்த யாப்பின் மூல வாசகம், மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கினராகவே எண்ணியது. உள்நாட்டுப் போரின் பின்னர் வந்த மூன்று திருத்தங்களே கறுப்பின மக்களுக்கு அதில் இடந்தந்தன: 1865இல் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைத்தனத்தை ஒழித்தது, 1868இல் பதினான்காம் திருத்தம் குடியுரிமையும் சட்டத்தின் சமபாதுகாப்பும் தந்தது, 1870இல் பதினைந்தாம் திருத்தம் இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுத்தலாகாது என்றது. இவை யாவும் ஏட்டில் இருந்தன, நாட்டில் இருக்கவில்லை. அந்த ஏட்டையே எடுத்துத் தம் பிள்ளைகளின் கையிற் கொடுத்து, 'இதனை மனனஞ் செய். இதைப் பற்றி மேடையேறிப் பேசு' என்றனர் அந்தச் சங்கத்தார்.

யாழ்ப்பாணத்தில் காணியின் சாசனத்தை நாம் 'உறுதி' என்று சொல்வோம். காணியைப் பிறன் ஒருவன் ஆண்டு அனுபவிப்பான். வேலிக்கு வெளியே நிற்பவனிடம் உறுதி மாத்திரம் இருக்கும். அவன் அதனைப் பெட்டகத்தில் வைத்துப் பேணுவான். பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவான். எல்லைகளை வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுப்பான். வெறுங் காகிதத்தைப் பேணுகிறானே என ஊரார் நகைப்பர். ஆனால் அந்தப் பிள்ளை ஒருநாள் நீதிமன்றம் ஏறும்போது, அவனுடைய கையில் இருப்பது அந்தக் காகிதந்தான். கறுப்பின எல்க்ஸ் சங்கத்தார் அரசியல் யாப்பைப் பேணியது இவ்விதமே.

அந்த மேடைகளில் ஏறிய பிள்ளைகள் இருவரை இங்கு குறிப்பிட வேண்டும். ஒருவர் டொரத்தி ஹைற். பென்சில்வேனியா மாநிலத்துச் சிறு நகரொன்றில் வளர்ந்த இம்மாணவி, தேசிய மட்டப் போட்டியில் அரசியல் யாப்பைப் பற்றிப் பேசி வென்று, அதனாற் பெற்ற புலமைப் பரிசிலோடு 1929இல் நியூயோர்க் நகரின் பார்ணாட் கல்லூரிக்குச் சென்றார். அனுமதி ஏற்கனவே கிடைத்திருந்தது. ஆனால் அக்கல்லூரி ஓராண்டில் இரு கறுப்பின மாணவியரை மாத்திரமே சேர்த்துக்கொள்ளும் என்றும், அவ்விரு இடங்களும் நிரம்பிவிட்டன என்றும் அவருக்குச் சொன்னார்கள். சமபாதுகாப்பைப் பற்றிப் பேசிப் பரிசு பெற்ற சிறுமிக்கு, அப்பரிசைச் செலவிடச் சென்ற முதல் வாயிலிலேயே கிடைத்த பாடம் அது. அவர் மனமுடைந்து ஊர் திரும்பவில்லை; நியூயோர்க் பல்கலைக்கழகத்தை நாடிச் சேர்ந்து பட்டம் பெற்றார். பின்னாளில் கறுப்பின மகளிரின் தேசிய அமைப்புக்கு 1957 முதல் நாற்பது ஆண்டுகள் தலைமை தாங்கி, 2010இல் மறைந்தார்.

மற்றவரை உலகமே அறியும். 1944 ஏப்ரல் 17ஆம் நாள், ஜோர்ஜியா மாநிலத்தின் டப்ளின் நகரில், கறுப்பின எல்க்ஸ் சங்கத்தின் ஆதரவில் நடந்த மாநிலப் போட்டியில், அத்லாந்தாவிலிருந்து வந்த பதினைந்து வயது மாணவன் ஒருவன் பேசினான். பேச்சின் தலைப்பு, 'கறுப்பின மனிதனும் அரசியல் யாப்பும்' என்ற பொருள்படும். பேசியவன் மார்ட்டின் லூதர் கிங்.

அவ்வுரை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. நாட்டின் ஒரு பகுதியினர் அறியாமையிலும் நோயிலும் வறுமையிலும் கிடக்கையில் நாடு முழுவதும் நலமாக இருத்தல் இயலாது என்று அச்சிறுவன் வாதிடுகிறான். மரியன் அன்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகியின் கதையை எடுத்துக்காட்டுகிறான். அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்பது, விடுதலைப் போரில் உதவியோரின் வழித்தோன்றல்களான மகளிரின் சங்கம். நாட்டுப்பற்றே அதன் நோக்கம். தலைநகரில் அச்சங்கத்துக்குச் சொந்தமான மண்டபத்தின் பெயர் 'அரசியல் யாப்பு மண்டபம்' என்பது. 1939இல் அம்மண்டபத்திற் பாட மரியன் அன்டர்சனுக்கு இடம் மறுத்துவிட்டனர். ஜனாதிபதியின் துணைவியார் எலினோர் றூஸ்வெல்ற் அதன் காரணமாகவே அச்சங்கத்திலிருந்து விலகினார். அவ்வாண்டு ஈஸ்டர் ஞாயிறன்று பாடகி லிங்கன் நினைவாலயத்தின் படிகளில் நின்று, திறந்த வெளியில், பல்லாயிரவர் முன்னிலையிற் பாடினார். யாப்பின் பெயரைச் சுவரில் எழுதியவர்கள் உள்ளே இருந்தனர். யாப்பின் பொருளை உணர்த்தியவர் வெளியே நின்றார். அச்சிட்ட தாளிலே கிடக்கும் மூன்று திருத்தங்களையும் நடைமுறை வாழ்வுக்குக் கொண்டுவருதலே தம் மக்களின் போராட்டம் என்பது அச்சிறுவனுடைய உரையின் சாரம்.

உரை முடிந்து ஆசிரியையும் மாணவனும் பஸ் வண்டியில் அத்லாந்தாவுக்குத் திரும்பினர். வழியில் வெள்ளையர் சிலர் ஏறினர். அவர்களுக்காக ஆசனங்களை விட்டு எழும்படி சாரதி கட்டளையிட்டான். எழத் தாமதித்ததற்காக இழிசொற்களாற் திட்டினான். எழுவதில்லை என்றே சிறுவன் எண்ணியிருந்தான். ஆசிரியை, சட்டத்துக்குப் பணிவோம் என வற்புறுத்தியதாலேயே எழுந்தான். ஏறத்தாழ 90 மைல் தூரம் இருவரும் வண்டியின் நடைவழியில் நின்றுகொண்டே சென்றதாகக் கிங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தம் வாழ்நாளில் அன்றுபோல் என்றும் தாம் சினங்கொண்டதில்லை என்றும் சொன்னார்.

வாசகர்கள் ஒருகணம் சிந்திக்க வேண்டும். அந்த இரவிலே, அந்த வண்டியிலே, நாட்டுப்பற்று யாரிடம் இருந்தது? ஆசனத்தில் அமர்ந்திருந்தவர்களும் தம் நாட்டை நேசித்திருக்கலாம். அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளும் போர்முனையில் நின்றிருக்கலாம். ஆனால் நாட்டின் யாப்பு என்ன சொல்கிறது என்பதை நெஞ்சிலே சுமந்துகொண்டு நின்றவன் அந்தச் சிறுவன். நாடு தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்ட சொல்லை முழுமையாக நம்பியவனும் அவனே. நம்பியதால்தான் அவனுக்குச் சினம் வந்தது. ஒரு நாட்டிடம் எதனையும் எதிர்பாராதவனுக்கு அந்த நாட்டின்மீது ஏமாற்றமும் இல்லை, சினமும் இல்லை.

இவ்வாறு சொல்லும்போது இருசாரார் மறுப்பு எழுப்புவர் என்பதை நான் அறிவேன். ஒரு சாரார், 'குறை கூறுவது நாட்டுப்பற்றாகுமா? வீட்டின் குறையை அம்பலத்திற் பேசுதல் நன்றோ?' என்பர். எமது மரபு இதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே விடை கூறியிருக்கிறது. அரசனைப் பாடிய புலவர்களே, வரியால் மக்களை வருத்தியபோது அவனை இடித்துரைத்தவர்களும் ஆவர். இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத அரசனுக்குப் பகைவர் வேறு வேண்டியதில்லை என்பது தமிழறிந்தோர் கண்ட உண்மை. புகழ்ந்துகொண்டே இருப்பவன் அரசனை நேசிக்கலாம். அவனுடைய பரிசிலை மாத்திரம் நேசிக்கவுங்கூடும். இடித்துரைப்பவனுக்குப் பரிசில் கிடைப்பதில்லை. ஆதலால் அவன் அன்பை ஐயுற வேண்டிய தேவை குறைவு.

மறுசாரார், 'ஒதுக்கியவனின் கொம்பையும் சடங்கையும் கடன் வாங்கி, அவனுடைய யாப்பையே போற்றிக்கொண்டு திரிந்தது அடிமை மனப்பான்மையன்றோ?' எனக் கேட்பர். இது எளிதிற் தள்ளத்தக்க கேள்வியன்று. பட்டையும் பட்டமும் ஊர்வலமும் சிலருக்கு வெறும் பகட்டாகவே முடிந்திருக்கலாம். கறுப்பினச் சமூகவியலறிஞர் ஈ. பிராங்ளின் பிரேசியர் 1950களில் தம் மக்களின் நடுத்தர வகுப்பார் கற்பனைப் பெருமைகளில் மயங்குவதைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடன் வாங்கியவன் வாங்கிய பொருளை வைத்து என்ன செய்தான் என்பதே கேள்வி. வெள்ளையர் சங்கம் கொடியைப் பீடத்தில் வைத்து வணங்கியது. கறுப்பினச் சங்கம் அதற்கு மேலாக யாப்பைத் தன் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியது. வணங்கும் பொருள் வாய் திறப்பதில்லை. வாசிக்கும் பொருளோ கேள்வி கேட்க வைக்கும்.

இது 1898இற் பிறந்த புதுவழக்கமுமன்று. 1775ஆம் ஆண்டிலே பொஸ்டன் நகரில், பிரின்ஸ் ஹோல் என்ற கறுப்பினத்தவரும் அவருடைய தோழர் சிலரும், பிரித்தானியப் படையினரின் கிளையொன்றின் மூலம் பிறீமேசன் சகோதர சங்கத்திற் சேர்ந்தனர். மறு ஆண்டில் அமெரிக்கர், மாந்தர் யாவரும் சமமெனச் சுதந்திரப் பிரகடனஞ் செய்தனர். அது நிகழ்ந்து ஓராண்டு கழியுமுன், 1777 சனவரியில், அந்தப் பிரின்ஸ் ஹோலும் வேறு சிலரும் அடிமைத்தனத்தை ஒழிக்குமாறு மாசசூசெற்ஸ் சட்டசபைக்கு விண்ணப்பஞ் செய்தனர். நாடு தன் சொல்லை எழுதிய மை காயுமுன்னரே, அந்தச் சொல்லை நாட்டுக்கு நினைவூட்டியவர்கள் அவர்கள். அவ்விண்ணப்பத்தை நாட்டுப்பற்றின் ஏடுகளில் எழுதாது வேறெங்கே எழுதுவது?

1963 ஓகஸ்ட் 28ஆம் நாள், மரியன் அன்டர்சன் முன்னொருநாள் பாடிய அதே லிங்கன் நினைவாலயத்தின் படிகளிலே மார்ட்டின் லூதர் கிங் நின்றார். நாட்டின் மூலசாசனங்களை அன்று அவர், குடிமக்கள் யாவருக்கும் எழுதிக் கொடுத்த கடனுறுதிச் சீட்டுக்கு ஒப்பிட்டு, அது கறுப்பின மக்களுக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை என்று முறையிட்டார். அந்த மேடையிலேயே டொரத்தி ஹைற் அம்மையாரும் இருந்தார். எல்க்ஸ் சங்கத்தின் போட்டி மேடைகளில் சிறுவராய் ஏறி யாப்பைப் பேசிய இருவர், முப்பத்துமூன்று வயதைத் தாண்டிய பின் ஒரே மேடையில் நின்று அந்த உறுதியை நாட்டின் முன் விரித்தனர். ஆனால் பெண் ஒருவருக்கு அன்று நீண்ட உரை நிகழ்த்த இடந்தரவில்லை; பரிசு பெற்ற பேச்சாளராகிய ஹைற் மௌனமாகவே இருக்க நேர்ந்தது. நீதி கேட்கும் சகோதரரும் தம் சகோதரியரை மறந்துவிடுவதுண்டு என்பதை இங்கு மறைத்தல் நேர்மையாகாது.

பத்தாண்டு கழித்து, 1973இல், வெள்ளையர் எல்க்ஸ் சங்கம் தன் விதியிலிருந்து அந்த ஒற்றைச் சொல்லை நீக்கியது. 1995இல் பெண்களுக்கும் இடந்தந்தது. அதனால் அச்சங்கத்தின் நாட்டுப்பற்றுக் குறைந்துவிடவில்லை. பீடத்தில் இருந்த கொடி அங்கேயே இருக்கிறது. அக்கொடி குறிக்கும் மக்களுக்கும் மண்டபத்துள் அமர்ந்திருக்கும் மக்களுக்கும் இடையிலிருந்த தூரம் மாத்திரம் சிறிது குறைந்தது. அவ்வளவுதான், ஆனால் அவ்வளவும் பெரிது.

நாட்டுப் பெருமை இருவகைப்படும் என்பது எமது துணிபு. ஒன்று, கையில் உள்ள பொருளைப் பிறருக்குக் காட்டி மகிழும் பெருமை. அது எளிது, தீங்கற்றதாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கு வேலியும் வெளியே நிற்க ஒருவனும் தேவைப்படும்போது தீங்காகிவிடுகிறது. மற்றையது, நாடு சொன்ன சொல்லைத் தன் சொல்லாக ஏற்று, அது நிறைவேறும்வரை அதனை நாட்டுக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும் பெருமை. அது கடினமானது. அதற்குப் புள்ளிகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பாடசாலைகளில் பேச்சுப் போட்டி நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தாய்நாட்டைப் பற்றிப் பேச வரும் பிள்ளை கண்கலங்கிப் புகழ்ந்தால் கைதட்டுங்கள், தவறில்லை. ஆனால் ஒரு பிள்ளை கேள்வியோடு வந்தால், தலைப்பை விட்டு விலகியது என எழுதிவிடாதீர்கள். தலைப்பின் நடுவே நிற்பது அந்தப் பிள்ளையாக இருக்கலாம். அன்று நான் கையொப்பமிட்ட புள்ளித்தாள் இப்போது எந்தக் கோப்பிற் கிடக்கின்றதோ அறியேன். அந்த மாணவி எங்கே இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியாது. "ஆகையினாலேதான் கேட்கிறேன்" என்று அவள் சொன்ன சொல்லுக்கு அன்று நாம் அளித்த புள்ளிகள் தவறானவை. அதை இந்தப் பத்தியிலேனும் திருத்தி எழுதிக்கொள்கிறேன்.